மாடித்தோட்டத்துக்கும் வீட்டுச் செடிக்கும் நான் தயாரிக்கும் உரங்கள்

தாம்பரத்தை ஒட்டிய பகுதியில், ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியிருக்கும் ஒரு மொட்டைமாடித் தோட்டத்துக்கும், வீட்டுக்குள் சன்னலோரம் இருக்கும் சில நிழல் செடிகளுக்கும் நான் தொடர்ந்து தயாரித்துப் பயன்படுத்தும் உரங்களின் செய்முறையை இங்கே பதிவு செய்கிறேன். சமையலறைக் கழிவிலிருந்து மக்கு உரம், கடலைப் புண்ணாக்குக் கரைசல், மீன் அமிலம் ஆகிய மூன்றே என் வழக்கம். பஞ்சகவ்யத்தைப் பரவலாக்கிய கொடுமுடி மருத்துவர் கே. நடராஜனின் முறையும், இயற்கை வேளாண்மையைப் பரப்பிய சுபாஷ் பாலேக்கரின் ஜீவாமிர்த முறையும் எனக்குத் தெரியாதவை அல்ல. ஆனால் இரண்டுக்கும் புதிய சாணமும் கோமியமும் வேண்டும். ஜீவாமிர்தம் 200 லிட்டர் தண்ணீருக்கு 10 கிலோ சாணம் என்ற கணக்கில், ஏக்கர்க்கணக்கான நிலத்துக்கு வகுக்கப்பட்டது. சுவரொட்டியையும் பிளாஸ்டிக் பையையும் மேய்ந்து திரியும் நகரத்து மாட்டின் சாணத்தைத் தேடி அலைவதைக் காட்டிலும், நம் வீட்டிலேயே தினமும் சேரும் கழிவிலிருந்து தொடங்குவது மாடித்தோட்டக்காரருக்கு எளிது.

தொட்டிச் செடிக்கும் நிலத்துச் செடிக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். நிலத்தில் உரம் சற்றுக் கூடிவிட்டால் மழைநீர் அதைக் கீழே இறக்கிவிடும், வேரும் வேறு திசையில் வளர்ந்து தப்பித்துக்கொள்ளும். பன்னிரண்டு அங்குலத் தொட்டியில் வேருக்குப் போக்கிடம் இல்லை. நாம் இடும் உப்பு, புளிப்பு, பாதி அழுகிய பொருள் அனைத்தும் அதன்மீதே தங்கும். ஆகவே திட உரத்தை நன்றாக மக்கிய பிறகே இடுவது, கரைசலை மிகவும் நீர்த்தே ஊற்றுவது என்ற இரண்டையும் நான் தளர்த்துவதில்லை.

மக்கு உரத்துக்குப் பழைய 20 லிட்டர் பெயிண்ட் வாளிகள் இரண்டு போதும். ஒன்று நிரம்பி மக்கிக்கொண்டிருக்கும்போது மற்றொன்றில் கழிவு சேரும். அடியிலும் பக்கச் சுவரிலும் சூடேற்றிய கம்பியால் சுண்டுவிரல் பருமனில் துளைகள் இட்டு, உட்புறம் கொசுவலைத் துணியை ஒட்டிவிடுகிறேன்; காற்று போகும், எலியும் பெரிய ஈயும் உள்ளே வர இயலாது. வாளியை இரண்டு செங்கற்கள் மீது நிறுத்தி, அடியில் வடியும் நீருக்கு ஒரு தட்டு வைக்க வேண்டும். அந்த வடிநீரைச் சிலர் உரத்தேநீர் என்று செடிக்கு ஊற்றுகிறார்கள். அது மக்காத கழிவிலிருந்து காற்றில்லாமல் ஊறி வந்த சாறு. கீரைக்கும் வீட்டுச் செடிக்கும் அது ஆகாது. நான் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்துத் தெருவோர மரத்தின் அடியில் ஊற்றிவிடுகிறேன். வடிநீர் தொடர்ந்து நிறைய வருகிறது என்றால் வாளிக்குள் ஈரம் மிகுந்துவிட்டது என்றும் பொருள்.

வாளிக்குள் நடப்பதைத் தீர்மானிப்பது காய்கறிக் கழிவைவிட அதனுடன் சேரும் காய்ந்த இலைதான். நுண்ணுயிர்கள் விரைவாகப் பெருகுவதற்குக் கரிமச்சத்து (கார்பன்) 25 முதல் 30 பங்கு இருக்கும்போது தழைச்சத்து (நைட்ரஜன்) ஒரு பங்கு இருக்க வேண்டும். காய்கறித் தோலிலும் கீரைத் தண்டிலும் இந்த விகிதம் ஏறத்தாழ 15 முதல் 20 வரைதான். அதாவது தழைச்சத்து மிகுதி, நீரும் மிகுதி. காய்ந்த இலையிலோ 40 முதல் 80 வரை இருக்கும். தென்னை நார்க்கழிவில் நூறைத் தாண்டும், மரத்தூளில் பல நூறுகளைத் தொடும். ஆகவே கழிவுடன் காய்ந்த பொருளைச் சேர்க்காவிட்டால் மிகுதியான தழைச்சத்து அம்மோனியாவாகிக் காற்றில் போகும்; நாற்றத்தோடு நம் உரமும் சேர்ந்து போகிறது என்பதே கணக்கு. கழிவு ஒரு கிண்ணம் என்றால் கையால் நொறுக்கிய சருகு ஒன்று அல்லது ஒன்றரைக் கிண்ணம் என்று அளந்து போடுவதே என் முறை.

சருகிலும் தரம் பார்க்க வேண்டும். வேம்பும் புங்கனும் மெல்லிய சிறிய இலைகள் ஆதலால் விரைவில் மக்கிவிடும். நாட்டு வாதாம் மரத்தின் அகன்ற இலைகளை அப்படியே போட்டால் ஒன்றின்மேல் ஒன்று படிந்து காற்றைத் தடுக்கும். அவற்றைச் சாக்கில் போட்டுக் காலால் மிதித்து நொறுக்கிய பிறகே சேர்க்கலாம். மாவிலையில் மெழுகுப் பூச்சு இருப்பதால் அது கடைசி வரை முழுதாகவே கிடக்கும். சருகு கிடைக்காத மழைக்காலத்துக்காகக் கோடையிலேயே இரண்டு மூட்டை சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது. அதுவும் தீர்ந்தால் அச்சில்லாத அட்டைப் பெட்டியைக் கிழித்துப் போடலாம்.

தேங்காய் நார், முருங்கைக்காய்ச் சக்கை, வாழைப்பூ மடல், கறிவேப்பிலைக் காம்பு போன்ற நார்ப்பொருள்களை விரற்கடை அளவுக்கு நறுக்கிப் போட வேண்டும். பூஜைப் பூக்களைச் சேர்க்கலாம், ஆனால் சரத்தின் நூலை உருவிவிட வேண்டும். இப்போது பூக்கட்டப் பயன்படும் நூலில் பல மக்குவதில்லை. தேநீர்த்தூளில் பாலும் சர்க்கரையும் கலந்திருந்தால் ஒருமுறை அலசிவிட்டுப் போடுகிறேன். சமைத்த உணவு, ஊறுகாய், எண்ணெய்ப் பண்டம், எலும்பு ஆகியவற்றுக்கு என் வாளியில் இடம் இல்லை. எலி வரும் என்பதோடு, சமையலில் உள்ள உப்பு மக்கிய பிறகும் அழியாமல் உரத்தில் அப்படியே தங்கும் என்பதும் இதற்குக் காரணம். ஏற்கெனவே உப்புநீர் ஊற்றும் தொட்டியில் இன்னும் உப்பைச் சேர்ப்பது அறிவீனம்.

நுண்ணுயிரைத் தொடங்கிவைப்பதற்குக் கடையில் பொடி வாங்க வேண்டியதில்லை. முந்தைய உரத்திலிருந்து இரண்டு கை எடுத்துப் போடுவதே சிறந்தது. முதல்முறை செய்பவர்கள் மரத்தடியில் மக்கிய மண் ஒரு கையும் புளித்த மோர் ஒரு கரண்டியும் சேர்த்தால் போதும். காசியாபாத்தில் உள்ள தேசிய இயற்கை வேளாண்மை மையம் வெளியிட்ட கழிவு மக்கச்செய்யும் திரவத்தை வெல்லக் கரைசலில் பெருக்கிப் பயன்படுத்துபவர்களும் உண்டு. அது வேலை செய்கிறது, ஆனால் இரண்டு வாளிக்கு அவசியம் இல்லை.

ஈரத்தின் அளவைக் கையால் அறியலாம். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு மட்டும் வர வேண்டும், பிழிந்து உதறிய துணியின் ஈரம்போல. சொட்டே வராமல் உதிர்ந்தால் எறும்பு குடியேறும், மக்குவதும் நின்றுவிடும். அக்னி நட்சத்திர நாட்களில் அடிக்கடி தண்ணீர் தெளிக்க வேண்டியிருக்கிறது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை குச்சியால் அடிவரை கிளறிவிட வேண்டும். கிளறும்போது எழும் வாசனையே நிலையைச் சொல்லிவிடும்: மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி என்றால் சருகு போதவில்லை, அழுகிய முட்டை நாற்றம் என்றால் அடியில் நீர் தேங்கிக் காற்றில்லாமல் போயிருக்கிறது, சருகைச் சேர்த்துக் கவிழ்த்துக் கொட்டிக் கலக்க வேண்டும். மேலே எப்போதும் இரண்டு விரற்கடை கனத்துக்குச் சருகுப் போர்வை இருந்தால் பழ ஈ அண்டுவதில்லை.

வெண்ணிறப் பூஞ்சாணம் படர்வதைக் கண்டு பயப்பட வேண்டாம். நார்ப்பொருளை உடைப்பதே அவற்றின் தொழில். அதேபோல, பழுப்பு நிறத்தில் கனத்த புழுக்கள் கூட்டமாகத் தோன்றினால் அவை பெரும்பாலும் கருப்புச் சிப்பாய் ஈயின் புழுக்கள். அந்த ஈ வளர்ந்த பிறகு வீட்டு ஈயைப் போல உணவுப் பண்டங்களின்மேல் மொய்ப்பதில்லை. புழுக்களோ கழிவை வியக்கத்தக்க வேகத்தில் தின்று முடிக்கின்றன. பார்க்கச் சகிக்காதவர்கள் சருகைக் கூட்டி ஈரத்தைக் குறைத்தால் எண்ணிக்கை தானே குறையும். எங்கள் வீட்டில் அவற்றை ஒரு தட்டில் எடுத்து வைத்தால் மைனாக்கள் மிச்சம் வைப்பதில்லை.

கோடையில் ஒன்றரை முதல் இரண்டு மாதத்தில் கழிவின் உருவம் மறைந்து, வாளி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். மழைக்காலத்தில் கூடுதலாக ஒரு மாதம் பிடிக்கும். இந்தக் கட்டத்தில் அது கறுப்பாக இருப்பதாலேயே உரம் என்று எண்ணித் தொட்டியில் இடக்கூடாது. பாதி மக்கிய பொருள் தொட்டிக்குள் தொடர்ந்து மக்கும். அதற்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ள, செடி வெளிறிப்போகும். சாக்கில் கொட்டி நிழலில் மேலும் மூன்று நான்கு வாரம் ஆறவிட்டு, அரைக்கால் அங்குலச் சல்லடையில் சலித்தெடுக்க வேண்டும். பக்குவத்தைச் சோதிக்க இரண்டு வழிகள் உண்டு. ஈரமான உரத்தை மூடிய பையில் மூன்று நாள் வைத்துத் திறந்தால் புளிப்பு நாற்றம் வரக்கூடாது, மழை பெய்த மண்ணின் வாசம்தான் வர வேண்டும். அடுத்து, அதில் வெந்தயத்தையோ முள்ளங்கி விதையையோ தூவினால், வெறும் மண்ணில் முளைப்பதைப் போலவே சீராக முளைத்து வேர் வெண்மையாக இருக்க வேண்டும். இரண்டாவது சோதனையை நான் எந்த முறையும் தவிர்ப்பதில்லை.

இவ்வளவு சிறிய வாளியில் விதைகளைக் கொல்லும் 55 பாகை செல்சியஸ் வெப்பம் நீடித்து நிற்பதில்லை. ஆகவே இந்த உரம் இட்ட தொட்டிகளில் எல்லாம் தக்காளியும் பூசணியும் பப்பாளியும் தாமாக முளைக்கும். பிடுங்கிவிடலாம், நல்ல இடத்தில் முளைத்த தக்காளியை நான் விட்டுவைப்பதுண்டு. நோயுற்ற செடியின் தண்டையும் இலையையும் வாளியில் போடாமல் இருப்பதற்கும் இதே வெப்பக் குறைவுதான் காரணம்.

புதிய தொட்டி நிரப்பும்போது செம்மண், கோகோபீட் (தென்னை நார்க்கழிவு), மக்கு உரம் மூன்றும் சமபங்கு என்பது பரவலான வழக்கம். கோகோபீட்டைச் சற்றுக் குறைத்து, செம்மண்ணைச் சற்றுக் கூட்டுவதே என் விருப்பம். எதுவானாலும் கோகோபீட் கட்டியை இரண்டு முறை நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிந்து உப்பைப் போக்கிவிட்டே கலக்க வேண்டும். வளரும் செடிக்கு மாதம் ஒருமுறை பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்கு இரண்டு கை உரத்தை மேல்மண்ணைக் கீறிக் கலந்து, அதன்மேல் சருகு பரப்பிவிட்டால் கத்தரி, வெண்டை, கீரை யாவும் பெரும்பாலும் அதிலேயே நிறைவு கொள்ளும்.

முட்டை ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தக்காளியின் அடிப்பகுதி கறுத்து அழுகினால் முட்டை ஓட்டைப் போடச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கிறது. ஓடு ஏறத்தாழ 95 விழுக்காடு கால்சியம் கார்பனேட். அமிலத்தன்மை உள்ள மண்ணில்தான் அது கரையும். எங்கள் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீர் கடினநீர், அதில் சுண்ணாம்புச்சத்துக்கு, அதாவது கால்சியத்துக்கு, பஞ்சமில்லை. அந்த அழுகல் பெரும்பாலும் ஒருநாள் காயவிட்டு மறுநாள் மூழ்கடிக்கும் ஒழுங்கற்ற நீர்ப்பாய்ச்சலால் சத்து காய்வரை போய்ச் சேராததால் வருவது. ஆகவே ஓட்டைக் கழுவி, காயவைத்து, மிக்சியில் மாவாக்கி மக்கு வாளியில்தான் சேர்க்கிறேன். தொடக்கத்தில் அங்கே உண்டாகும் புளிப்பில் சிறிதாவது கரையும். வாழைப்பழத் தோலை ஊறவைத்த நீரிலும் சாம்பல்சத்து (பொட்டாசியம்) இறங்குவது உண்மையே, ஆனால் அளவு சொற்பம். அதற்குத் தனிப் பாத்திரமும் நாற்றமும் தேவையில்லை, தோலை நறுக்கி வாளியில் போட்டாலே போதும். விறகுச் சாம்பல் சாம்பல்சத்து மிகுந்தது என்றாலும் காரத்தன்மை உடையது. கடினநீர் ஊற்றும் தொட்டிக்கு அதை நான் தருவதில்லை.

பூக்கும் செடியும் காய்க்கும் செடியும் மக்கு உரத்துக்கு மேலும் கேட்கும். அதற்குக் கடலைப் புண்ணாக்குக் கரைசல். கடலைப் புண்ணாக்கில் தழைச்சத்து ஏறத்தாழ 7 விழுக்காடு, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 1.5, சாம்பல்சத்து 1.3, வேப்பம் புண்ணாக்கில் தழைச்சத்து 5 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். மரச்செக்கில் ஆட்டியதோ ஆலையில் பிழிந்ததோ, பூஞ்சை பிடிக்காததாகப் பார்த்து வாங்க வேண்டும். நூறு கிராமை உடைத்து ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டு, துணியால் மூடி, நிழலில் இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, தினமும் ஒருமுறை குச்சியால் கலக்கிவிடுகிறேன். அதற்கு மேல் வைத்தால் நாற்றம் பக்கத்து வீடுவரை போகும். பின்பு வடிகட்டிப் பத்து லிட்டர் தண்ணீர் சேர்த்து, தொட்டிக்கு அரை லிட்டர் வீதம், ஏற்கெனவே ஈரமாக உள்ள மண்ணில் மாலையில் ஊற்ற வேண்டும்.

இந்த அளவு ஏன் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். நூறு கிராம் புண்ணாக்கில் உள்ள தழைச்சத்து மொத்தமே 7 கிராம். அது முழுவதும் கரைந்ததாக வைத்துக்கொண்டாலும் பதினோரு லிட்டரில் பகிரும்போது ஒரு தொட்டிக்குக் கிடைப்பது 0.3 கிராமை ஒட்டியதுதான். 46 விழுக்காடு தழைச்சத்துள்ள யூரியாவில் இது முக்கால் கிராமுக்கும் குறைவு. உண்மையில் கரைவது இன்னும் குறைவு, மீதி வண்டலில் இருக்கிறது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊற்ற இந்த அளவு பாதுகாப்பானது. இயற்கை உரம்தானே என்று நீர்க்காமல் ஊற்றினால் மண்ணுக்குள் புளித்து, வேரைச் சுற்றிக் காற்றில்லாமல் செய்துவிடும். வண்டலை மக்கு வாளியில் போட்டுவிடலாம். தழைச்சத்து மிகுந்த பொருள் என்பதால் அன்று சருகைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். புண்ணாக்கை உலர்ந்த தூளாகத் தொட்டியின் மேல் தூவினால் எறும்பும் எலியும் விருந்துக்கு வரும். இன்னொன்று: வீட்டில் நாய் இருப்பவர்கள் ஆமணக்குப் புண்ணாக்கைத் தொட்டிக்கு இடவே வேண்டாம். அதில் ரிசின் என்னும் நஞ்சு உண்டு. அதைத் தோண்டித் தின்ற நாய்கள் உயிருக்குப் போராடும் நிலைக்குப் போவதுண்டு.

மீன் அமிலம் கொரிய இயற்கை வேளாண்மை முறையிலிருந்து வந்து, தமிழ்நாட்டு இயற்கை உழவர்களிடம் நிலைபெற்றது. மீன் கடையில் வெட்டும்போது ஒதுக்கும் தலை, செவுள், குடல் ஆகியவற்றை ஒரு கிலோ வாங்கி, துண்டாக்கி, அதே எடை உருண்டை வெல்லத்தைப் பொடித்து, அடுக்கடுக்காகப் பிசைந்து பிளாஸ்டிக் டப்பாவில் வைப்பதே செய்முறை. கருவாடோ உப்பிட்ட மீனோ கூடாது. டப்பாவில் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்க வேண்டும், ஏனெனில் தொடக்கத்தில் வாயு மிகுதியாக எழும். கண்ணாடிப் புட்டியை இறுக மூடி வைப்பது ஆபத்து. வாயைத் துணியால் கட்டி, அதன்மேல் மூடியைத் தளர்வாக வைத்து, பூனை உருட்ட முடியாத இடத்தில் நிழலில் வைக்க வேண்டும். எங்கள் தெருப் பூனைகளை உத்தேசித்து நான் அதன்மேல் ஒரு கல்லையும் வைக்கிறேன்.

வெல்லத்தின் அடர்ந்த இனிப்பு மீன் திசுவிலிருந்து நீரை இழுத்து வெளியேற்றுவதோடு, அழுகச் செய்யும் நுண்ணுயிர்களையும் அடக்குகிறது. வெல்லத்தில் சிக்கனம் பிடித்தால் அமிலம் வராது, அழுகல்தான் வரும். மூன்று வாரத்தில் பழுப்பு நிறத் தேன் பதத்துக்குத் திரவம் பிரிந்து, மீன் நாற்றம் தணிந்து புளித்த பழ வாசனை எழும். வடிகட்டிச் சிறு புட்டிகளில் வைத்தால் ஆறு மாதம் தாராளமாகத் தாங்கும். வயலுக்குப் பத்து லிட்டர் தண்ணீரில் நூறு மில்லி என்று சொல்வார்கள். தொட்டிக்கு அதில் பாதி, அதாவது லிட்டருக்கு ஐந்து மில்லி போதும். இலைமேல் தெளிப்பதாக இருந்தால் காலை வெயிலுக்கு முன் தெளிக்க வேண்டும். இது தழைச்சத்தைத் தூக்கிக் கொடுக்கும் உரம் ஆதலால் கீரைக்கும் இளஞ்செடிக்கும் உகந்தது. மொட்டு விடும் நிலையில் உள்ள செடிக்குத் தொடர்ந்து கொடுத்தால் இலை பெருகிப் பூ குறையும்.

கொடுக்கும் முன் இலையைப் பார்க்க வேண்டும். அடியிலைகள் முதலில் சீராக வெளிறினால் தழைச்சத்துக் குறை. மேற்சொன்ன இரண்டு கரைசலில் ஏதாவது ஒன்று பயன் தரும். ஆனால் நுனியின் இளம் இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை. கடினநீரின் காரத்தன்மையால் மண்ணில் இரும்பு இருந்தும் செடிக்குக் கிடைக்காத நிலை அது. செம்பருத்தியிலும் ரோஜாவிலும் எங்கள் பகுதியில் இது சாதாரணம். இதற்குப் புண்ணாக்கு ஊற்றிக்கொண்டே இருப்பதில் பயன் இல்லை. மக்கு உரத்தைக் கூட்டி, முடிந்த நாட்களில் பிடித்து வைத்த மழைநீரை ஊற்றினால் அடுத்து வரும் தளிர்கள் பச்சையாக வரும்.

வீட்டுக்குள் இருக்கும் மணிபிளாண்ட், ஸ்நேக் பிளாண்ட், அக்லோனிமா போன்றவற்றுக்கு மேற்கண்ட கரைசல்கள் எதுவும் வேண்டாம். நாற்றம் ஒருபுறம் இருக்க, ஈரமான தொட்டி மண்ணில் புளித்த பொருளைச் சேர்த்தால் சின்னஞ்சிறு கறுப்பு ஈக்கள் பெருகி வீடெங்கும் பறக்கும். அரிசி கழுவிய நீரையும் அன்றைக்கே வெளிச் செடிக்கு ஊற்றிவிட வேண்டும், உள்ளே கொண்டுவரக் கூடாது. ஒளி குறைந்த இடத்தில் செடியின் வளர்ச்சியே மெதுவாக இருப்பதால் அது கேட்கும் சத்தும் சிறிது. நன்றாக ஆறிச் சலித்த மக்கு உரத்தையோ மண்புழு உரத்தையோ இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆறு அங்குலத் தொட்டிக்கு இரண்டு மேசைக்கரண்டி கலந்து, மேலே பழைய மண்ணை மெல்லிதாக மூடிவிடுகிறேன். தொட்டி விளிம்பில் வெண்ணிற உப்புப் படலம் தெரிந்தால் உரம் அதிகம் அல்லது நீர் கடினம். மாடிக்குக் கொண்டுபோய், மழைநீரோ ஆர்.ஓ. நீரோ அடியில் வழிந்தோடும்வரை தாராளமாக ஊற்றி வடியவிட வேண்டும். கண்ணாடிக் குடுவையில் நீரில் வளரும் மணிபிளாண்டுக்கு உரக் கரைசல் விட்டால் பாசி பிடிக்கும். வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றுவதே அதற்குப் போதுமானது.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரிலிருந்து கரைசல்களை நிறுத்திவிடுகிறேன், ஏனெனில் ஊற்றுவதெல்லாம் அடுத்த மழையில் வடிந்து மாடித் தளத்தில் ஓடிவிடும். வாளிகளைப் படிக்கட்டுக் கூரையின் கீழ் நகர்த்தி, சருகின் பங்கை இரட்டிப்பாக்க வேண்டும். மழை ஓய்ந்து டிசம்பர் இறுதியில் வெயில் தலைகாட்டும்போது தொட்டி மண் கழுவப்பட்டுச் சத்து இழந்திருக்கும். அப்போது முதலில் மேல்மண்ணைக் கிளறி உலரவிட்டு, தொட்டிக்கு இரண்டு கை மக்கு உரத்தோடு ஒரு மேசைக்கரண்டி வேப்பம் புண்ணாக்குத் தூளைக் கலந்து இடுகிறேன். அதன்பின் பத்து நாள் கழித்தே கடலைப் புண்ணாக்குக் கரைசல் மீண்டும் தொடங்கும்.